பொருள் மதிப்புரைகள்: வெளிப்படைத்தன்மைக்குச் சட்டம் உண்டு, நேர்மைக்குப் பாதுகாப்பு எங்கே?

புது தில்லி: புதிய கேமரா வாங்க விரும்பும் ஒருவர், இன்று கடைப்படி ஏறுவதற்கு முன்பே, அதைப் பயன்படுத்திப் பார்த்ததாகக் கூறும் யாரோ ஒருவரின் மதிப்புரையைக் கேட்டு முடிவெடுத்துவிடுகிறார். மிதிவண்டி, ஹெட்போன், ஊற்றுப்பேனா, உடற்பயிற்சி செய்வோர் உட்கொள்ளும் புரதப் பொடி என ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்கும் பொருள்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். ஆனால், மதிப்புரை கூறுபவர் அப்பொருளைச் சொந்தப் பணத்தில் வாங்கினாரா அல்லது நிறுவனம் அனுப்பி வைத்ததா என்பது பல வேளைகளில் கேட்பவருக்குத் தெரிவதில்லை.

இந்த மறைவை அகற்ற மத்திய அரசு கடந்த சில ஆண்டுகளில் சட்டம், விதிகள், வழிகாட்டு நெறிமுறைகள், தர நிர்ணயம், வரிப் பிடித்தம் எனப் பல வழிகளைக் கையாண்டுள்ளது. "இதை நான் இலவசமாகப் பெற்றேன்' என்று மதிப்புரையாளரைச் சொல்ல வைக்க இவை போதுமானவை. ஆனால், "இந்தப் பொருள் சரியில்லை' என்று உண்மையைச் சொல்பவரைக் காக்க நாடாளுமன்றம் தனியாக எதுவும் செய்யவில்லை. அந்தப் பொறுப்பு நீதிமன்றங்களிடமே விடப்பட்டுள்ளது.

கைவிடப்பட்ட சிறைத் தண்டனை

1986-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவரின் பொறுப்பு குறித்துத் தனிப் பிரிவு ஏதும் இருக்கவில்லை. 2015-ல் மேகி நூடுல்ஸ் சர்ச்சை வெடித்தபோது, அதன் விளம்பரங்களில் தோன்றிய திரை நட்சத்திரங்களுக்குப் பொறுப்பு இல்லையா என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மக்களவையில் புதிய நுகர்வோர் பாதுகாப்பு மசோதா அறிமுகமானது.

அதை ஆராய்ந்த, ஜே.சி. திவாகர் ரெட்டி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, 2016 ஏப்ரலில் அளித்த அறிக்கையில் கடுமையான பரிந்துரைகளை முன்வைத்தது. தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கு முதல் முறை ரூ.10 லட்சம் அபராதம் அல்லது 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது இரண்டும், மறுமுறை ரூ.50 லட்சம் அபராதமும் 5 ஆண்டுகள் சிறையும் விதிக்கலாம் என்றது அக்குழு.

சிறைத் தண்டனையை அரசு ஏற்கவில்லை. அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டு, 2018 ஜனவரியில் வேறொரு மசோதா கொண்டு வரப்பட்டது. அது அதே ஆண்டு டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியபோதிலும், மாநிலங்களவையைக் கடக்கவில்லை. 2019-ல் மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது. ராம் விலாஸ் பாஸ்வான் துறை அமைச்சராக இருந்தபோது 2019 ஜூலையில் மீண்டும் அறிமுகமான மசோதா, ஜூலை 30-ம் தேதி மக்களவையிலும், ஆகஸ்ட் 6-ம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தவறான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கு ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் தவறினால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் தரப்பட்டது. முதல் முறை ஓராண்டு வரையும், மறுமுறை 3 ஆண்டுகள் வரையும் அவர் எந்தப் பொருளையும் பரிந்துரைக்கத் தடை விதிக்கவும் வகை செய்யப்பட்டது. உரிய கவனத்துடன் உண்மையைச் சரிபார்த்த பின்னரே பரிந்துரைத்தேன் என நிறுவுபவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

எது பொருளாதாரத் தொடர்பு?

நட்சத்திரங்களை மனதில் கொண்டு தொடங்கிய விவாதம், சட்டமானபோது வீட்டு அறையில் அமர்ந்து லென்ஸை ஆராயும் தனிநபர் வரை நீண்டது. விளம்பரத் துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில், சமூக ஊடகப் பிரபலங்களுக்கான நெறிமுறைகளை 2021 மே மாதம் வெளியிட்டது. அதைத் தொடர்ந்து 2022 ஜூன் 9-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்தது. பரிந்துரை என்பது அதைக் கூறுபவரின் உண்மையான கருத்தாகவும், பொருளைப் பற்றிய போதிய தகவல் அல்லது அனுபவத்தின் அடிப்படையில் அமைந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

2023 ஜனவரி 20-ம் தேதி நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விளக்கக் கையேடு, எவையெல்லாம் வெளிப்படுத்தப்பட வேண்டிய தொடர்புகள் எனப் பட்டியலிட்டது. பணம் மட்டுமல்ல; இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், விடுதித் தங்கல், குடும்ப உறவு, பணி உறவு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். கேட்காமலேயே அனுப்பப்பட்ட பொருளும், நிபந்தனை ஏதுமின்றித் தரப்பட்ட பொருளும்கூட விலக்கல்ல. காணொலியாக இருந்தால் அறிவிப்பு காட்சியிலும் ஒலியிலும் இடம்பெற வேண்டும். கீழே உள்ள விவரக் குறிப்பில் மட்டும் ஒளித்து வைப்பது போதாது. நேரலை என்றால் தொடக்கம் முதல் இறுதிவரை அறிவிப்பு தெரிய வேண்டும்.

செய்தி போலவோ, சாதாரணப் பயனரின் கருத்து போலவோ வேடமிட்டு வரும் விளம்பரம், 2023 நவம்பர் 30-ம் தேதி அறிவிக்கப்பட்ட வேறொரு நெறிமுறையில், நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

வரித் துறையின் அளவுகோல்

நுகர்வோர் விவகாரத் துறைக்கு முன்பாகவே இலவசப் பொருள்களின் மீது கண் வைத்தது வருமான வரித் துறை. 2022-ம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம், தொழில் தொடர்பாக ஒருவர் பெறும் பலன்களின் மதிப்பு ஆண்டுக்கு ரூ.20,000-ஐத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் செய்யும் முறை அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2022 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை, சமூக ஊடகப் பிரபலங்களுக்குத் தரப்படும் கார், செல்லிடப்பேசி போன்றவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பயன்படுத்திய பின் பொருளை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பலன் ஆகாது. தம்மிடமே வைத்துக்கொண்டால் பலன் ஆகும் என்பது வாரியத்தின் விளக்கம்.

வரிக்கு இந்த அளவுகோல் போதும். நேர்மையை அளக்க இது போதாது. பொருளைத் திருப்பிக் கொடுத்தவருக்கும், அது சந்தைக்கு வரும் முன்பே கையில் கிடைத்ததால் பெருந்திரளான பார்வையாளர்கள் சேர்கிறார்கள். குறைகளை அழுத்திச் சொன்னால், நிறுவனத்தின் அடுத்த பட்டியலில் தம் பெயர் இருக்காதோ என்ற அச்சம் அவரைத் தொடர்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தமோ, நிபந்தனையோ தேவையில்லை. அடுத்த லென்ஸ் வருமா, வராதா என்ற ஐயமே போதும். தாம் தரும் இணைப்பின் வழியாகப் பொருள் விற்றால் தரகு பெறுபவரின் நிலையும் இதுவே. "வாங்குங்கள்' என்றால் வருமானம் உண்டு, "வாங்காதீர்கள்' என்றால் இல்லை. "விளம்பரம்' என்ற ஒற்றைச் சொல் இத்தகைய நிர்ப்பந்தத்தை அறிவிக்கலாம், அகற்ற முடியாது.

பெயரற்ற மதிப்புரைகள்

முகம் காட்டிப் பேசுபவருக்கு இத்தனை கட்டுப்பாடுகள் எனில், விற்பனைத் தளங்களில் பெயர் தெரியாமல் நட்சத்திரங்களை அள்ளித் தருவோரின் நிலை என்ன? விற்பனையாளர் நுகர்வோர் போல நடித்து மதிப்புரை எழுதக் கூடாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் கூறுகின்றன. எனினும், எழுதியவர் யார் என்று சரிபார்க்கும் முறை வகுக்கப்படாத வரை அந்த விதி ஏட்டளவிலேயே நிற்கும்.

இதற்காக இந்திய தர நிர்ணய அமைவனம் "ஐஎஸ் 19000:2022' என்ற தரத்தை உருவாக்கியது. 2022 நவம்பரில் வெளியான இத்தரம், மின்னஞ்சல், தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி போன்றவற்றின் மூலம் மதிப்புரை எழுதுபவரைச் சரிபார்க்கும் வழிகளை விவரிக்கிறது. விலைக்கு வாங்கப்பட்ட மதிப்புரைகளையும், விற்பனையாளரால் அதற்கென்றே அமர்த்தப்பட்டவர்கள் எழுதும் மதிப்புரைகளையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால், தன்னார்வ அடிப்படையில் பின்பற்ற வேண்டிய தரமாகவே இது வெளியிடப்பட்டது. இதைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரைவு குறித்து 2024 மே மாதம் மின்வணிக நிறுவனங்களுடன் நுகர்வோர் விவகாரத் துறை ஆலோசனை நடத்தியது.

முகம் காட்டும் தனிநபரை ரூ.50 லட்சம் வரையிலான அபராதம் அச்சுறுத்துகிறது. ஆனால், லட்சக்கணக்கான மதிப்புரைகளை வெளியிட்டு விற்பனையைப் பெருக்கிக்கொள்ளும் தளங்களுக்கோ தன்னார்வத் தரமே விதிக்கப்பட்டது. இந்த முரண்பாடு நாடாளுமன்றத்தின் கவனத்துக்குரியது.

உண்மை சொன்னால் வழக்கு

பாதகமான மதிப்புரைக்கு நிறுவனங்கள் அளிக்கும் பதில் பல நேரங்களில் வழக்கறிஞர் அறிவிக்கையாகவே வருகிறது. தேங்காய் எண்ணெய் ஒன்றைக் குறைகூறிய காணொலிக்கு எதிராக மாரிகோ நிறுவனம் தொடுத்த வழக்கில், அதை நீக்குமாறு மும்பை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2020 ஜனவரியில் உத்தரவிட்டார். சமூக ஊடகத்தில் செல்வாக்குப் பெற்றவர்களுக்குச் சாதாரண மனிதரைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு என்பது அவரது கருத்து. அடுத்த மாதமே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 28-ம் தேதி அளித்த உத்தரவு இத்துறையில் முக்கியமானது. தனது புரதப் பொடியை விமர்சித்த காணொலிகளுக்குத் தடை கோரி சான் நியூட்ரிஷன் நிறுவனம் தொடுத்த வழக்கு அது. பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்ட அளவுக்கும் உள்ளே இருக்கும் அளவுக்கும் வேறுபாடு உள்ளதாக, ஆய்வக அறிக்கைகளைக் காட்டி மதிப்புரையாளர்கள் கூறியிருந்தனர். சோதனை அறிக்கைகளை ஆதாரமாகக் கொண்ட விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியது என்று முதல்நோக்கில் முடிவு செய்த நீதிபதி அமித் பன்சல், இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார்.

உச்ச நீதிமன்றமும் 2024 மார்ச்சில் புளூம்பெர்க் நிறுவனம் தொடர்பான வழக்கில், பணபலம் மிக்கவர்கள் வழக்குகளின் மூலம் பொது விவாதத்தை முடக்கும் போக்கைச் சுட்டிக்காட்டியது. முழு விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடை செய்வதில் கீழமை நீதிமன்றங்கள் மிகுந்த எச்சரிக்கை காட்ட வேண்டும் என அறிவுறுத்தியது.

இருப்பினும், தீர்ப்பு வரும்வரை வழக்கை நடத்தும் செலவு மதிப்புரையாளருடையதே. பேனாவையும் மிதிவண்டியையும் ஓய்வு நேரத்தில் ஆராய்ந்து எழுதும் ஒருவர், வேறொரு நகரத்தின் நீதிமன்றத்தில் பெருநிறுவனத்தின் வழக்கறிஞர்களுக்கு ஈடுகொடுக்க முடியாது. வழக்கு முடிவதற்கு வெகுகாலம் முன்பே காணொலியை நீக்கிவிடுவதுதான் அவருக்கு எளிது. பேச்சை முடக்கும் நோக்குடைய வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய அமெரிக்காவின் பல மாநிலங்களில் தனிச் சட்டங்கள் உள்ளன. இந்தியாவில் அத்தகைய சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவில்லை. போதாததற்கு, அவதூறு இங்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் நீடிக்கிறது.

அடுத்து என்ன?

இலவசமாகப் பெற்றதை அறிவிக்கச் செய்வதில் அரசு எடுத்த நடவடிக்கைகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. வாங்குபவருக்கு அது அடிப்படை உரிமை. ஆனால், அறிவிப்பு என்பது சொல்பவரின் நிலையை உணர்த்துமே தவிர, சொல்லப்படும் கருத்துக்கு உத்தரவாதம் ஆகாது. பணம் பெற்றதை ஒப்புக்கொண்டு பொய்யான புகழுரை கூறுபவர் அறிவிப்பு விதியை மீறியவர் ஆகமாட்டார். சொந்தப் பணத்தில் வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, குறையைச் சொல்பவரோ நீதிமன்றப் படியேற நேர்கிறது.

தவறான மதிப்புரையால் ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட இயலும். குறையை எடுத்துரைத்ததற்காக மிரட்டப்படும் மதிப்புரையாளருக்கு அத்தகைய கதவு ஏதுமில்லை. பரிந்துரையாளருக்குச் சிறைத் தண்டனை வேண்டுமா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த நாடாளுமன்றம், ஆதாரத்துடன் குறை கூறுபவரை அலைக்கழிக்கும் வழக்குகளை எப்படித் தடுப்பது என்பதையும் ஆராய வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பில் அவருக்கும் பங்கு உண்டு.