பேச்சில் கெட்டி, கணக்கில் தடுமாற்றம்... இது மந்த புத்தியா?

"ஊர்க்கதை எல்லாம் மனப்பாடமா சொல்றா. ஆனா நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுக்கத் தெரியலையே!" என்று மகளைப் பற்றி அலுத்துக்கொள்ளும் தாய்மார்களே, உங்களோடுதான் இன்று பேசப்போகிறேன்.

பழவேற்காடு ஏரியில் உள்ள மீனவ கிராமம் பசியாவரம். இறாலையும் மடவையையும் கூறு போட்டு விற்கும் பெண்கள் நிறைந்த பகுதி. அங்கே முப்பது வயதில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலரை அடி உயரம். பெரிய மனுஷி ஆகவே இல்லை. வாய்ப்பேச்சில் சூட்டிகை. ஆனால் எட்டுக் கூறு விற்ற காசை எண்ணச் சொன்னால் திணறுவாள். கடைத்தெருவில் போன வழியே திரும்பி வரத் தெரியாது. எதிரில் நிற்பவர் முகம் சுளித்தாலும் புரியாமல் அவள்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள். வீட்டில் அவளுக்குப் பட்டம் 'மண்டு'.

மண்டு இல்லை அம்மா! இப்படிப்பட்டவளுக்கு 'டர்னர் சிண்ட்ரோம்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் உடம்பின் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள். அதில் பெண்ணுக்கு இரண்டு 'எக்ஸ்'. இவர்களுக்கு ஒரு எக்ஸ் முழுதாகவோ, ஒரு பகுதியோ இல்லாமல் போய்விடுகிறது. ஹென்றி டர்னர் என்ற அமெரிக்க மருத்துவர் 1938-ல் இதை விவரித்தார். குரோமோசோம்தான் காரணம் என்பது 1959-ல் தெரிந்தது. சுமார் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு வருகிறது. கிரகணமோ, சொந்தத்தில் கல்யாணமோ, கர்ப்பத்தில் தாய் சாப்பிட்டதோ காரணமில்லை. மாமியார்கள் கவனிக்க!

பெரும்பாலோருக்குப் பொது அறிவுத்திறன் மற்றவர்களைப் போலத்தான். மிகச் சிலருக்கே மனவளர்ச்சிக் குறை உண்டு. பேச்சு, படிப்பு, ஞாபகம் நன்றாக இருக்கும். இடம், திசை, தூரம், உருவம் ஆகியவற்றை மனதில் நிறுத்திப் பார்ப்பதில்தான் சிக்கல். கணக்கும் அதோடு சேர்ந்து இடறுகிறது. கவனம் சிதறும். பிறர் முகக்குறிப்பைப் படிப்பது கடினம். அதனாலேயே கூச்சம், தனிமை, மனக்கவலை. எல்லாருக்கும் எல்லாமும் இருக்காது. ஆனால் வயதானால் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

அவளுக்கு பலம் வாய்ச்சொல். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அந்தப் பக்கம் போ" என்று கையைக் காட்டாமல், "கோயில் தாண்டி மூணாவது கடை" என்று சொல்லுங்கள். காசை வாய்விட்டு எண்ணட்டும். கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை. கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், வாயால் சொல்லிவிடுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லையா? திமிர் என்று எண்ணாமல் காதைப் பரிசோதியுங்கள். இவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம்.

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: சூதகத்தடை என்று இவளுக்குக் குமரி லேகியமும் எள்ளும் வருஷக்கணக்கில் கொடுத்துப் பயனில்லை. சினைப்பையே சரியாக வளராதபோது எதைத் தூண்டுவது? சென்னையில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலோ, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ காட்டுங்கள். குரோமோசோமைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். பிறகு ஹார்மோன் சிகிச்சை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் தொடங்குவது உத்தமம். முப்பதிலும் தேவைதான், இல்லாவிட்டால் எலும்பு தேயும். சுமார் ஐம்பது வயது வரை தொடர வேண்டியிருக்கும். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கல்யாணம்? தாராளமாகச் செய்யலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் பிறகு அடி வாங்குவது அவள்தான். இயற்கையாகக் கருத்தரிப்பது மிக அரிது. தானமாகப் பெற்ற கருமுட்டையால் பிள்ளை பெற நினைத்தால், முதலில் இதயத்தையும் பெருந்தமனியையும் ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். கர்ப்பத்தின்போது அந்தக் குழாய் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்கு டாக்டர் "வேண்டாம்" என்றே சொல்லிவிடுவார்.