ரோன்95, ஹைபிரிட், மின்சாரம்: 100 கிலோமீட்டருக்கு எவ்வளவு?

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருபவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் கார் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். அடுத்த கார் எது என்று யோசிக்கும்போது, விற்பனையாளர் காட்டும் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். நீங்களே போட்டுப் பாருங்கள். பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் கொஞ்சம் இயற்பியல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. கார் இயந்திரம் அதில் கால்பங்கு அளவைத்தான் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும்போது கார் நகராமலேயே எண்ணெய் எரிகிறது. மின்மோட்டாரில் இந்த விரயம் மிகக் குறைவு. மின்கலத்திலிருந்து எடுப்பதில் 80 விழுக்காட்டுக்கு மேல் சக்கரத்தைச் சேர்கிறது.

ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நெரிசலில் இயந்திரம் அணைந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வெப்பமாகப் போகவிருந்த ஆற்றலை மின்கலத்தில் சேமித்து வைக்கும். எவ்வளவுக்கெவ்வளவு நின்று நின்று போகிறீர்களோ, அவ்வளவுக்கு அதன் பலன் தெரியும்.

இனி ரிங்கிட் கணக்கு. 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியர்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காருக்கு 13.93 ரிங்கிட் ஆகும். 4.5 லிட்டர் குடிக்கும் ஹைபிரிடுக்கு 8.96 ரிங்கிட். மின்சாரக் காருக்கு, சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 17 யூனிட் என்று கொள்வோம். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 45 சென் என்றால் 7.65 ரிங்கிட். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு முறையே 209, 134, 115 ரிங்கிட். பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் நல்ல இடைவெளிதான். ஹைபிரிடுக்கும் மின்சாரத்துக்கும் இடையில் இருப்பதோ 20 ரிங்கிட்டுக்கும் குறைவு!

அந்த 20 ரிங்கிட்கூட உறுதியில்லை. மின்சாரக் கார் மாதம் 255 யூனிட் எடுக்கும். 2025 ஜூலையில் வந்த புதிய மின்கட்டண முறையில், குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குத்தான் ஊக்கத்தொகை அதிகம். பயன்பாடு கூடக்கூட அது சுருங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமல் போகும். அதனால் காருக்காகக் கூடுதலாக எடுக்கும் யூனிட்டின் உண்மையான விலை 45 சென்னில் நிற்காது. அது 55 சென் என்று ஆனாலே 100 கிலோமீட்டருக்கு 9.35 ரிங்கிட், ஹைபிரிடைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பில்லை எடுத்துப் பார்க்காமல் இந்த முடிவை எடுக்காதீர்கள். கூரையில் சூரியத் தகடு வைத்து, பகலில் கார் வீட்டில் நிற்கும் என்றால் கதையே வேறு.

தீபாவளிக்குப் பினாங்கு போவதாக வைத்துக்கொள்வோம். காற்றுத் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும். 110 கிலோமீட்டர் வேகத்தில் மின்சாரக் கார் 18 யூனிட் கேட்கும் என்றால், விரைவு சார்ஜ் நிலையத்தில் யூனிட் 1.30 ரிங்கிட் கொடுத்து 23.40 ரிங்கிட் செலவாகும். அதே சாலையில் சீராக ஓடி 6 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காருக்கு 11.94 ரிங்கிட்தான். மானியம் செய்யும் வேலை இது. லிட்டர் 2.60 என்று ஆனால் பெட்ரோல் செலவு 15.60, அப்போதும் மலிவுதான். அடுக்குமாடியில் சார்ஜ் வசதி இல்லாமல், பொது நிலையத்தையே நம்பியிருப்பவருக்கு இந்த விலைதான் அன்றாட விலை.

பட்டறைச் செலவில் மின்சாரக் கார் முந்துகிறது. எஞ்சின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. பிரேக் பேடும் நீண்ட நாள் வரும். டயர் மட்டும் சீக்கிரம் தேயும், ஏனென்றால் கார் கனமானது. மின்கலத்துக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். மாதம் 1,500 என்றால் உங்களுக்கு 8 ஆண்டுதான் முதலில் முடியும்; அப்போது மீட்டரில் 144,000 காட்டும். உங்கள் கார்க் கடன் 9 ஆண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.