உங்க பிராட்பேண்ட் பில் 499 ரூபாய் இல்லை! நெட்டுக்கு நாம நிஜமா கொடுக்கிற விலை என்ன?



லாஸ்பேட்டையில் உட்கார்ந்து சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறவங்க, வில்லியனூரில் இருந்து பெங்களூரு டீமோட தினமும் மீட்டிங் போடுறவங்க நம்ம சேனலில் நிறைய பேர் இருக்கீங்க. உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற புலம்பல் ஒண்ணு: "மாசாமாசம் பில் சரியா கட்டுறேன், ஆனா நெட் மட்டும் சரியா வர்றதில்லை."

இதை வெறும் புலம்பலா விடாம, ஒரு சி.ஏ. கணக்கு பார்க்கிற மாதிரி பார்ப்போம். எவ்வளவு கொடுக்கிறோம், எவ்வளவு கிடைக்குது, கிடைக்காததைத் திரும்ப வாங்க முடியுமா? இந்த மூணு கேள்விதான்.

வரியிலும் கொடுக்கிறோம், பில்லிலும் கொடுக்கிறோம்

நாட்டின் எல்லா கிராமப் பஞ்சாயத்துக்கும் ஆப்டிகல் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. இலக்கு சுமார் 2.5 லட்சம் பஞ்சாயத்துகள். மதிப்பீடு 20,000 கோடி ரூபாய், கெடு 2 வருஷம். பிறகு இதுக்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது.

நடந்தது வேறு. முதல் 1 லட்சம் பஞ்சாயத்துகளை எட்டவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. அதே 2017-இல் மொத்த மதிப்பீடு 42,068 கோடியாக உயர்ந்தது. 2023 ஆகஸ்ட்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் வந்தது.

இந்தப் பணம் எங்கிருந்து வருது? டெலிகாம் கம்பெனிகள் தங்கள் சரிசெய்யப்பட்ட வருவாயில் 100 ரூபாய்க்கு 8 ரூபாய் லைசென்ஸ் கட்டணம் கட்டணும். அதில் 5 ரூபாய் கிராமப்புறச் சேவைக்கான நிதிக்குப் போகுது. டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போ அதுக்குப் பெயர். கட்டுறது கம்பெனி என்றாலும், அந்தச் செலவு நம்ம ரீசார்ஜ் விலைக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி தனி.

இந்தத் திட்டத்தில் முக்கியப் பங்கு பிஎஸ்என்எல்லுக்கு. அந்த நிறுவனத்தை மீட்க 2019, 2022, 2023 என மூன்று தடவை மத்திய அரசு தொகுப்பு அறிவித்தது. மொத்தம் சுமார் 3.22 லட்சம் கோடி ரூபாய். இது முழுக்க ரொக்கம் இல்லை. அலைக்கற்றை ஒதுக்கீடு, கடன் உத்தரவாதம் எல்லாம் இதில் அடக்கம். இருந்தாலும் 140 கோடி மக்களால் வகுத்தால் தலைக்கு 2,300 ரூபாய். நாலு பேர் உள்ள வீடு என்றால் 9,200 ரூபாய். பிஎஸ்என்எல் கனெக்‌ஷன் இல்லாத வீட்டுக்கும் இதே கணக்குதான்.

இவ்வளவு செலவு பண்ணியும் ஏன் கட் ஆகுது?

முதல் காரணம் டிசைன். முதல் கட்ட பாரத்நெட் கேபிள் பெரும்பாலும் ஒரே நேர்கோடாகப் போனது. நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால், அதுக்குப் பின்னாடி இருக்கிற ஊர் எல்லாம் சேர்ந்து அவுட். 2023-இல் திருத்திய திட்டத்தின் முக்கிய மாற்றமே இதை வளையமாக மாற்றுவதுதான். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக சிக்னல் வரும்.

இரண்டாவது, தோண்டுறது. குடிநீர் குழாய்க்கு ஒருத்தர், சாக்கடைக்கு ஒருத்தர், மின்சாரத்துக்கு ஒருத்தர் தோண்டுவாங்க. இப்படி ஒருங்கிணைப்பு இல்லாமல் தோண்டுவதால் வருஷத்துக்கு சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசே சொல்லி, தோண்டுவதற்கு முன் தகவல் கொடுக்க 2023 மார்ச்சில் ஒரு ஆப் கொண்டுவந்தது. நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சுக்காரங்க காலத்து எல்லைகளால் புதுச்சேரி துண்டு துண்டாக இருக்கு. டவுனில் இருந்து பாகூர் போனால் நடுவில் கடலூர் மாவட்டம் வந்துவிடும். ரோடு யாருடையது என்பது சில கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாறும்.

மூன்றாவது, ஆள். 2020 ஜனவரி 31-இல் பிஎஸ்என்எல்லில் இருந்து சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினாங்க. அது அப்போதைய ஊழியர்களில் பாதிப் பேர். இன்று பல இடங்களில் வீட்டு ஃபைபர் இணைப்பைக் கொடுப்பதும் பராமரிப்பதும் வருவாயைப் பங்கு போட்டுக்கொள்ளும் உள்ளூர் பார்ட்னர்கள். அதனால் ஃபால்ட் வந்தால் "அது அவங்க வேலை", "இது இவங்க வேலை" என்று பந்து இரண்டு பக்கமும் உருளும்.

உங்க நெட்டோட நிஜ விலையைப் போட்டுப் பாருங்க

உதாரணத்துக்கு 499 ரூபாய் பிளான் எடுத்துப்போம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

• பிளான் + 18% ஜிஎஸ்டி: மாதம் 588.82, வருஷத்துக்கு 7,065.84 ரூபாய்
• நெட் போனால் சமாளிக்க மொபைல் டேட்டா பேக், மாதம் 200 என்றால்: 2,400 ரூபாய்
• மொத்தம்: 9,465.84 ரூபாய்

வருஷத்தில் 24 நாள் நெட் இல்லை என்று வைத்துக்கொண்டால் கிடைத்தது 341 நாள். ஒரு நாள் விலை 27 ரூபாய் 76 பைசா. விளம்பரத்தில் பார்த்த 499-ஐ 30-ஆல் வகுத்தால் வருவது 16 ரூபாய் 63 பைசா. வித்தியாசம் கிட்டத்தட்ட 67%. இதில் சம்பளப் பிடித்தம் சேரவே இல்லை. 30,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நெட் இல்லாமல் ஒரே ஒரு நாள் லாஸ் ஆஃப் பே ஆனால் 1,000 ரூபாய் போச்சு. அது கிட்டத்தட்ட இரண்டு மாத பில்.

அடுத்த தடவை இரண்டு பிளான்களை ஒப்பிடும்போது எம்பிபிஎஸ்ஸை மட்டும் பார்க்காதீங்க. "ஒரு வேலை செய்த நாளுக்கு எவ்வளவு?" என்று பாருங்க. உங்க தெருவில் மாதம் 100 ரூபாய் அதிகம் வாங்கி, ஃபால்ட்டை அன்றே சரிசெய்கிற ஆபரேட்டர் இருந்தால், கணக்குப்படி அவர்தான் மலிவு.

கிடைக்காததைத் திரும்ப வாங்குவது எப்படி?

பெரும்பாலானவங்க விட்டுவிடுற பணம் இது.

1. போனில் திட்டுவதோடு நிறுத்தாதீங்க. புகாரைப் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்க. அது இல்லாத புகாரைப் பிறகு நிரூபிக்க முடியாது. லைன்மேனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் டாக்கெட் ஆகாது.

2. டிராய் அமைப்பின் புதிய சேவைத் தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கு. வீட்டு லைன் ஃபால்ட்டை 3 நாளுக்குள் சரிசெய்யவில்லை என்றால் வாடிக்கையாளருக்கு ஈடு கொடுக்கணும். போஸ்ட்பெய்டு என்றால் பில்லில் கழிவு, ப்ரீபெய்டு என்றால் வேலிடிட்டி நீட்டிப்பு. அடுத்த பில்லில் அது வந்திருக்கா என்று பாருங்க. ஃபெஞ்சல் புயல் மாதிரி இயற்கைப் பேரிடர் நேரத்துக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம்.

3. தீர்வு சரியில்லையா? 30 நாளுக்குள் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போங்க. கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்லணும்.

4. அதிலும் நியாயம் கிடைக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் புகாரை அங்கே கொண்டுபோகலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

"இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பீங்க. ஆஸ்திரேலியாவிலும் அரசு போட்ட தேசிய பிராட்பேண்ட் நெட்வொர்க் மேல் இதே கோபம் இருந்தது. சொன்ன வேகம் வரவில்லை என்று அங்குள்ள போட்டி ஆணையம் களமிறங்கியதும், 2017-இல் டெல்ஸ்ட்ரா ஒரு நிறுவனம் மட்டும் சுமார் 42,000 வாடிக்கையாளர்களுக்கு ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. மாலை நேரத்தில் வழக்கமாக என்ன வேகம் கிடைக்கும் என்று சொல்லி விற்கும் முறையும் வந்தது. நம்ம நாட்டில் இன்னும் "50 எம்பிபிஎஸ் வரை" என்றுதான் விற்கிறாங்க. அந்த "வரை" என்ற சொல்லை கவனிங்க. 2023-இல் மாற்றிய அரசு வரையறைப்படி, 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட்!

இந்த மாதமே செய்ய வேண்டியவை

• புது கனெக்‌ஷன் என்றால் "6 மாதம் அட்வான்ஸ் கட்டினால் 1 மாதம் இலவசம்" ஆஃபரில் உடனே விழாதீங்க. முதலில் இரண்டு மாதம் மாதாந்திரமாகக் கட்டிப் பாருங்க.

• இரவு 8 முதல் 10 மணிக்குள், வைஃபையில் இல்லாமல் கேபிளில் லேப்டாப்பை இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்க. ஸ்கிரீன்ஷாட்டை தேதியோடு சேமிங்க.

• நெட் இல்லாத நாட்களை ஒரு ஷீட்டில் குறிங்க: தேதி, டாக்கெட் எண், சரியான தேதி. மூன்றே காலம் போதும்.

• பில் உங்க பெயரில் இருக்கட்டும். அப்பா பெயரிலோ ஹவுஸ் ஓனர் பெயரிலோ இருந்தால் ஆபீஸில் கிளெய்ம் சிக்கலாகும். வேலைக்கான இன்டர்நெட் செலவை பில் வாங்கிக்கொண்டு கம்பெனி திருப்பிக் கொடுத்தால் பொதுவாக அதுக்கு வரி வராது. பில் கேட்காமல் மாதாமாதம் கொடுக்கும் அலவன்ஸுக்கு வரி உண்டு. உங்க ஹெச்.ஆர்.கிட்ட பாலிசியைக் கேளுங்க.

நாட்டுக்கு ஃபைபர் போட நாம ஏற்கெனவே பங்கு கொடுத்தாச்சு. வீட்டுக்கு வரும் சேவைக்கு மாதாமாதம் தனியாகவும் கொடுக்கிறோம். அதனால ஈடு கேட்பது சலுகை கேட்பது இல்லை. உங்க கடைசி மூன்று பில்லை எடுத்து, மேலே சொன்ன மாதிரி ஒரு நாள் விலையைப் போட்டு, எந்த ஏரியா, எவ்வளவு வந்தது என்று கமெண்ட்டில் எழுதுங்க. முத்தியால்பேட்டைக்கும் பாகூருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அடுத்த வீடியோவில் சேர்த்துப் பார்ப்போம்.