முன்சக்கர இயக்கக் கார்களில் ஸ்வே பார் தடிமன்

ஸ்வே பார் என்பது ஓர் அச்சின் இடது, வலது சஸ்பென்ஷனை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் முறுக்குக் கம்பி ஆகும். எஞ்சின் எடையும் இழுக்கும் வேலையும் முன்சக்கரங்கள் மீதே விழுவதால், முன்சக்கர இயக்கக் கார் வேகமான வளைவில் ஸ்டீயரிங் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கம் விலகும். முன் பாரைத் தடிமனாக்கினால் இந்த விலகல் பெரும்பாலும் கூடும். உட்பக்க முன்சக்கரம் பிடியிழந்து வீணாகச் சுழலவும் செய்யும். எனவே பின் பாரையே முதலில் மாற்றுவர்.

விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மி.மீ. திண்மக் கம்பிக்குப் பதில் அதே வடிவில் 22 மி.மீ. கம்பி பொருத்துவது பார்வைக்கு அற்ப மாற்றம்தான். விறைப்போ ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடும். ஆகையால் ஒரேயடியாகப் பெரிய அளவுக்குப் போகாமல் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பதே நல்லது. பின்பக்கம் அளவுக்கு மீறி விறைத்த கார், ஈரச் சாலை வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் பின்பகுதி வழுக்கிச் சுழன்றுவிடக்கூடும்.