அந்தமான் காட்டுயிர் டூர்: பையில் என்ன இருக்கணும்? எதை எடுத்துட்டு வரவே கூடாது?

அந்தமான் என்றதும் பலர் எடுத்து வைப்பது நாலு டி-ஷர்ட், இரண்டு ஷார்ட்ஸ், ஒரு கூலிங் கிளாஸ். பீச்சில் போட்டோ எடுத்துட்டுத் திரும்புவதற்கு அது போதும். ஆனால் சிடியா டாப்பு காட்டோரத்தில் அந்தமான் மரங்கொத்தியைத் தேடுவதற்கோ, வடக்கே திக்லிபூர் பக்கம் காலிப்பூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடுவதைப் பார்ப்பதற்கோ போகிறீர்கள் என்றால் கதையே வேறு.

அங்கே புலி கிடையாது, சிறுத்தை கிடையாது. உங்களைப் பாடாய்ப் படுத்தப் போவது ஈரமும் பூச்சியும்தான்.

எந்த மாசம் போறீங்க?

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டுகிற இடம் அந்தமான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, அதாவது சென்னையைப் போல இரண்டு மடங்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓரளவு வறண்டிருக்கும். அப்போதும் காற்றில் ஈரப்பதம் குறையாது.

அதனால் முதல் வேலை, ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க. ஒரு தடவை நனைந்தால் டூர் முடியும் வரை காயாது. மெல்லிய, சீக்கிரம் காயும் துணியில் முழுக்கை சட்டையும் முழு நீள பேண்ட்டும் எடுத்துக்கோங்க. பளிச் நிறங்கள் வேண்டாம், பறவைகள் உஷாராகிவிடும். குடையை விட ரெயின்கோட் நல்லது. பைனாகுலரைப் பிடிக்க இரண்டு கையும் வேணுமே!

செருப்பு ஏன் போதாது?

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் அந்தமானில் நீண்டகாலமாகவே இருக்கிற நோய். எலி, மாடு போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேறு வழியாக, காலில் உள்ள சின்னக் காயத்துக்குள் கிருமி நுழைகிறது. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் வரை பாதிக்கக்கூடியது. ஆகவே காட்டுப் பாதையில் கால் முழுவதையும் மூடும் ஷூ கட்டாயம். காயத்தை மூட வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர் வைத்திருங்கள். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் அந்தமான் போய் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வைரல் காய்ச்சல் என்று நினைக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது மணல் ஈ. கண்ணுக்கே சரியாகத் தெரியாது, கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும். டீட் கலந்த பூச்சி விரட்டி வாங்குங்கள். ஒரு விஷயம், அது பிளாஸ்டிக்கை அரிக்கும். பூசிய கையோடு கேமரா, பைனாகுலரைத் தொடாதீங்க. காலில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் பலர் பின்பற்றும் வழி. சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம்!

அஞ்சு மணிக்கே இருட்டு

இந்திய நேரத்தையே பின்பற்றினாலும், அந்தமான் சென்னைக்கு ரொம்பக் கிழக்கே இருக்கிறது. சூரியன் சுமார் 50 நிமிடம் முன்னதாகவே உதித்து, மறைகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். தலையில் மாட்டும் டார்ச் அவசியம், அதுவும் சிவப்பு விளக்கு உள்ளதாக.

ஏன் சிவப்பு? நம்ம பெசன்ட் நகர் கடற்கரைக்கு வரும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் காலிப்பூருக்கும் வருகின்றன. வெள்ளை வெளிச்சம் பட்டால் முட்டையிட வந்த தாய் ஆமை அப்படியே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்கு எதிர்த் திசையில் போகும். செல்போன் ஃபிளாஷும் அதே வேலையைத்தான் செய்யும், அணைத்து வையுங்கள்.

பைனாகுலர் 8x42 அளவு போதும், காட்டு நிழலிலும் தெளிவாகத் தெரியும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டுட்டுப் பிறகு எடுங்க. சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளும், படகில் ஏற ஒரு டிரை பேக்கும் வேண்டும்.

கடலில் இறங்கும்போது

உடம்பு முழுக்க சன்ஸ்கிரீன் பூசுவதை விட முழுக்கை நீச்சல் சட்டை மேல். ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் பவளப்பாறைக்குக் கெடுதல் என்று ஹவாய், பலாவ் தீவுகளில் தடையே இருக்கிறது. முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் முழங்கால் அளவு தண்ணீரிலும் இறங்காதீங்க. உப்புநீர் முதலை கடலிலும் நீந்தும். 2010-ல் ஹேவ்லாக் தீவில் ஸ்நார்க்கெலிங் செய்த அமெரிக்க சுற்றுலாப் பயணி ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார்.

படகில் குமட்டுபவர்கள் அதற்கான மாத்திரையைப் புறப்படும் முன்பே போடணும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. ஊரை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னலும் ஏடிஎம்மும் குறைவு. கையில் ரொக்கம், ஆதார், போனில் ஆஃப்லைன் மேப் இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில்தான், செக்-இன் லக்கேஜில் அனுமதி இல்லை.

எடுத்துச் செல்லக் கூடாதவை

அனுமதியில்லாத சாட்டிலைட் போன், ஜிபிஎஸ் மெசேஜ் கருவி வேண்டாம். வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தாலும் இந்தியாவில் சட்டவிரோதம். டிரோனும் அனுமதி இல்லாமல் வேண்டாம்.

திக்லிபூர், பாராடாங் சாலை ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் வழியே போகிறது. வண்டிகள் கூட்டமாக மட்டுமே அனுமதிக்கப்படும். அங்கே கேமராவை பையில் பூட்டி வையுங்கள். அவர்களைப் படம் எடுப்பது சிறை வரை கொண்டுபோகும் குற்றம். பிஸ்கட் கொடுப்பதும் கூடாது.

கடைசியாக, திரும்பி வரும் பை. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு செத்ததாக இருந்தாலும் எடுக்காதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது, ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரிந்துவிடும். சங்கு, சிப்பிப் பொருள் வாங்க ஆசையா? உரிமம் உள்ள கடையில் வாங்கி, பில்லை வீடு வந்து சேரும் வரை பத்திரமா வச்சுக்கோங்க.