பூஞ்சைக் கறி: லேபிளில் இருப்பதெல்லாம் உடம்பில் சேருமா?

ஃபியூசேரியம் என்ற பெயரைக் கேட்டாலே வாழை விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். இலை மஞ்சளாகி, தண்டு வெடித்து, மரம் அப்படியே சாயும் வாடல் நோய்க்குக் காரணம் அந்தப் பூஞ்சைதான். அதை அடக்கத்தான் டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து தூரில் போடுகிறோம். அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு பூஞ்சையை இங்கிலாந்துக்காரங்க நாற்பது வருஷமா கறிக்குப் பதிலா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னா நம்புவீங்களா? படிக்கும்வரை நானும் நம்பவில்லை.

1960களில், உலகத்துக்கே புரதப் பஞ்சம் வரப்போகிறது என்ற பயம் இருந்தது. ரேங்க் ஹோவிஸ் மெக்டூகல் என்ற மாவு, ரொட்டிக் கம்பெனி, ஸ்டார்ச்சைத் தின்று புரதமாக வளரும் நுண்ணுயிரைத் தேடியது. 3,000க்கும் மேற்பட்ட மண் மாதிரிகளைச் சோதித்தார்கள். கடைசியில் தேடியது கிடைத்தது உள்ளூரிலேயே, பக்கிங்காம்ஷயரில் மார்லோ என்ற ஊரின் மண்ணில். ஃபியூசேரியம் வெனனேட்டம் என்பது அதன் பெயர். பல வருடப் பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பிறகு 1985இல் 'குவார்ன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதில் இருக்கும் பூஞ்சைப் பொருளுக்கு மைக்கோபுரோட்டீன் என்று பெயர். 2015இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மாண்டே நிஸ்ஸின் கம்பெனி 55 கோடி பவுண்டு கொடுத்து குவார்னை வாங்கிவிட்டது.

இது எப்படித் தயாராகிறது? வடகிழக்கு இங்கிலாந்தில் பில்லிங்காம் என்ற ஊரில் சுமார் 40 மீட்டர் உயரத் தொட்டிகள் நிற்கின்றன. அதற்குள் குளுக்கோஸ் கரைசல், தாது உப்புகள், காற்று. தழைச்சத்துக்கு அம்மோனியா. கிட்டத்தட்ட 28 டிகிரி சூட்டில் பூஞ்சை நூல் நூலாகப் பெருகும். அப்படியே சாப்பிட முடியாது. வேகமாக வளரும் எந்த நுண்ணுயிரிலும் ஆர்.என்.ஏ. அதிகம். அது உடம்பில் யூரிக் அமிலமாகி மூட்டுவலியைக் கொண்டுவரும். அதனால் 68 டிகிரி வரை சூடாக்கி அதைக் குறைக்கிறார்கள். இதிலேயே விளைச்சலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பிறகு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, உறைய வைப்பார்கள். உறையும்போது பனிக்கட்டி அந்த நூல்களை நெருக்கித் தள்ளும். கோழிக்கறி நார் மாதிரியான பதம் அங்கேதான் வருகிறது.

நூறு கிராம் மைக்கோபுரோட்டீனில் சுமார் 11 கிராம் புரதம், 6 கிராம் நார் என்று கணக்குக் காட்டினார்கள். இந்த இடத்தில்தான் எனக்குள் இருக்கும் பழைய வங்கிக்காரன் எட்டிப் பார்த்தான். லோன் சாங்ஷன் ஆன தொகை ஒன்று, விவசாயி கைக்குப் போய்ச் சேரும் தொகை ஒன்று. முப்பது வருஷம் அதைப் பார்த்தவன் நான். லேபிளில் இருக்கும் புரதம் சாங்ஷன் மாதிரி. குடல் எவ்வளவை உள்ளே எடுக்கிறது என்பதுதான் கைக்கு வந்த பணம்.

சந்தேகத்துக்கு நியாயமும் உண்டு. பூஞ்சை நூல் ஒவ்வொன்றுக்கும் கெட்டியான சுவர் இருக்கிறது. நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருக்கிற கைட்டின், ஓட்ஸிலும் காளானிலும் பேசப்படும் பீட்டா குளுக்கான், இரண்டும் சேர்ந்த சுவர். புரதமெல்லாம் அந்தச் சுவருக்குள்ளே. நம் செரிமான நொதிகளால் சுவரை இடிக்க முடியாவிட்டால் உள்ளே இருக்கும் புரதம் யாருக்கு?

இந்தக் கேள்வியை நார்விச் நகரின் குவாட்ரம் இன்ஸ்டிட்யூட்டில் முனைவர் பட்ட ஆய்வாகவே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் 2020இல் வெளிவந்தன. இந்த மாதிரி ஆய்வுகளுக்கு இன்ஃபோஜெஸ்ட் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து வகுத்த பொது முறை ஒன்று உண்டு. கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு செயற்கை வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 டிகிரி சூடு. வாய்க்கு 2 நிமிடம், உமிழ்நீர். வயிற்றுக்கு 2 மணி நேரம், அமிலமும் பெப்சினும். சிறுகுடலுக்கு 2 மணி நேரம், கணைய நொதிகளும் பித்த உப்பும். ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது.

பார்த்தது என்ன தெரியுங்களா? சுவர் இடியவே இல்லை. செரிமானம் முடிந்த பிறகும் பூஞ்சை நூல் நூலாகவே இருந்தது. ஆனாலும் புரதம் செரித்திருந்தது. சுவரில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. டிரிப்சின் போன்ற நொதிகள் அதன் வழியே உள்ளே போய்ப் புரதத்தை வெட்டுகின்றன. வெட்டிய துண்டுகள் அதே வழியில் வெளியே வருகின்றன. பூட்டை உடைக்காமல் ஜன்னல் வழியாகக் களஞ்சியத்து நெல்லை எடுத்த கதை.

கொழுப்பு விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. மைக்கோபுரோட்டீன் கூட இருந்தபோது எண்ணெய் செரிப்பது குறைந்தது. பித்த உப்பையும் அது பிடித்து வைத்துக்கொண்டது, அதுவும் வயிற்று அமிலத்தைத் தாண்டி வந்த பிறகுதான். பித்த உப்பு கழிவோடு போனால் கல்லீரல் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுக்கும். பூஞ்சைப் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்ததாக முன்பே சொல்லப்பட்டதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

குடுவை வேறு, மனுஷன் வேறு. மனிதர்களிடம் செய்த சோதனைகளும் இருக்கின்றன. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் எடை தூக்கும் இளைஞர்கள் 20 பேரில் பாதிப் பேருக்கு மைக்கோபுரோட்டீன், பாதிப் பேருக்குப் பால் புரதம் கொடுத்தார்கள். தசையில் புதுப் புரதம் உருவானது மைக்கோபுரோட்டீன் பக்கம்தான் கூடுதல். ஆனால் கணக்கில் ஒரு வரியைக் கவனிங்க: அந்தப் பக்கம் கொடுத்த புரதம் 31.5 கிராம், பால் பக்கம் 26.2 கிராம். நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் 20 ஆண்களுக்குத் தினமும் 240 கிராம் சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் இரண்டு வாரம், அதே அளவு மைக்கோபுரோட்டீன் இரண்டு வாரம். பூஞ்சை சாப்பிட்ட வாரங்களில், மலத்தில் மரபணுவைச் சிதைக்கும் தன்மை குறைந்திருந்தது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் நாரை அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்துச் சாப்பிடுகின்றன.

மறுபக்கத்தையும் சொல்லணும். இந்த ஆய்வுகளில் பலவற்றுக்குக் கம்பெனியின் பணமும் போயிருக்கிறது. அதனால் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் கடன் வாங்கியவரே சொத்து மதிப்புச் சான்றுக்கும் பணம் கட்டினால், மேலாளர் இரண்டு முறை படித்துப் பார்ப்பார் இல்லையா? சோதனைக்கு வந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். சிலருக்கு இது ஒத்துக்கொள்வதே இல்லை. அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் அமைப்பு வாந்தி, வயிற்றுவலி, தடிப்பு என்று மக்கள் தாங்களாகவே எழுதிய 1,752 புகார்களைத் தொகுத்து 2018இல் வெளியிட்டது. இப்போது அங்கே பாக்கெட்டிலேயே 'இது பூஞ்சை' என்று அச்சிடுகிறார்கள்.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கிறது? நம் கூட்டங்களில் இந்த மாதிரிப் பொருளை 'ரசாயனக் கறி' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. செரிக்காது என்று நாம் சொன்னால், செரிக்கிறது என்று அவர்கள் ஆய்வைக் காட்டுவார்கள். அதோடு நம் மற்றப் பேச்சும் அடிபடும். எதிர்க்க வேண்டிய இடம் வேறு. தொட்டிக்குப் போகும் அம்மோனியா, யூரியாவுக்குப் போகும் அதே அம்மோனியா. மண்ணில் கிடைத்த உயிர், ஆனால் மண்ணே இல்லாமல் வளர்கிறது. விவசாயியின் பங்கு, குளுக்கோஸுக்கு ஸ்டார்ச் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. விலை, விற்பனை எல்லாம் ஒரு கம்பெனியின் கையில். இதைப் பேசுவோம், உறுதியாகப் பேசுவோம்.

செரிமானத்தைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்வியை நம் பொருளுக்கும் கேட்போம். லண்டன் கிங்ஸ் காலேஜில் கொண்டைக்கடலையின் செல் உடையாமல் மாவாக்கி, ரொட்டியில் கலந்து கொடுத்தார்கள். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை 40 சதவீதம் வரை குறைந்தது. செல் சுவர் நின்றதால் உள்ளே இருந்த மாவுச்சத்து மெதுவாக வந்தது. அதே கடலையாக இருந்தாலும், எப்படி அரைக்கிறோம் என்பதில் பலன் மாறுகிறது. சுண்டலும் கடலைமாவு பஜ்ஜியும் ஒன்றல்ல.

நம் கேழ்வரகுப் பாக்கெட்டில் கால்சியம், இரும்பு என்று பெருமையாக அச்சடிக்கிறோம். அதிலிருக்கும் பைட்டிக் அமிலம் இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதைச் சொல்வதில்லை. ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும், சத்து கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த முறை லேபிள் அடிக்கும்போது, 'ஊறவைத்து முளைகட்டிப் பயன்படுத்தவும்' என்று ஒரு வரி சேருங்கள். வாங்குகிறவர் வயிற்றில் சேர்வதுதான் நாம் விளைவித்தது.