ஹோஸின் மேல் அச்சான வரி

சென்னையை அடுத்த நாவலூருக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். அதைத் தாண்டினால் ஈ.சி.ஆர். சாலையும் கடலும். தெற்கே போனால் முட்டுக்காடு முகத்துவாரம், அதையடுத்துக் கோவளம். மீன்பிடிக்கும் ஃபைபர் படகு, சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகு, விடுமுறை நாளில் இறக்கும் சொந்த ஸ்பீடு போட் என்று இந்தத் தண்ணீரில் எஞ்சின் ஓட்டுவோர் பல வகை. எஞ்சின் வாங்கும்போது குதிரைத்திறன் எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்கும் என்று துருவிக் கேட்பவர்கள், ஆயிலைக் குளிரவைக்கும் கூலரையும் அதற்குப் போய்வரும் ஹோஸையும் மெக்கானிக் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். அவரும் கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடுகிறார். எந்தப் பொருள், யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று எழுத்தில் தெரியாத ஹோஸையும் கூலரையும் படகில் ஏற்றக் கூடாது என்பது என் வாதம். எஞ்சினுக்கு மட்டும் நல்லது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பழுது வந்து நஷ்டஈடு கேட்கப் போகும்போது கையில் இருக்கவேண்டிய சாட்சியும் அந்த எழுத்துதான்.

கார் எஞ்சின் முழு வேகத்தில் ஓடுவது அபூர்வம். படகு எஞ்சினுக்கு அந்த இளைப்பாறல் கிடையாது. தண்ணீர் பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பதால், மலையேறும் லாரியைப் போல மணிக்கணக்கில் பாரம் சுமக்கிறது. ஆயிலின் வெப்பம் 90 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 120ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் ஆயில் சீக்கிரம் கெட்டு, மெலிந்து, பேரிங்கைக் காக்க முடியாமல் போகிறது. அதனால்தான் உள்ளே பொருத்தும் இன்போர்டு எஞ்சின்கள் பலவற்றில் கடல் தண்ணீரை வைத்தே ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் இருக்கிறது. (அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூலர் கவலை பெரும்பாலும் இல்லை, அவர்கள் கவனிக்க வேண்டியது பெட்ரோல் ஹோஸை.) இந்தக் கூலருக்குள் மெல்லிய குழாய்கள் வழியே கடல் தண்ணீர் ஓட, வெளியே ஆயில் சுற்றிவரும். குழாய் செம்பு நிக்கல் கலவையாக இருந்தால் உப்பைத் தாங்கும். காருக்குச் செய்த அலுமினியக் கூலரை உப்புக்காற்றில், அதுவும் பித்தளை இணைப்போடு மாட்டினால், இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். நல்ல மரைன் கூலர்கள் பலவற்றில் ஜிங்க் கட்டை ஒன்று திருகியிருக்கும். குழாய்க்குப் பதிலாக அது அரிபடும். பாதி கரைந்ததுமே மாற்றவேண்டிய அந்தக் கட்டையைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதுதான் கூலர் ஓட்டையாவதற்குச் சுலபமான வழி. ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஓடும்போது ஆயில் தண்ணீரில் கலந்து வெளியேறும். நின்றபிறகு உப்புத் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால், அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பெரிய கூலராக வாங்கி மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஓரளவு நியாயமான கேள்விதான். குளிர்நாட்டுத் தண்ணீரை வைத்து அளவிட்ட கூலர், 28, 30 டிகிரி இருக்கும் நம் கடல் தண்ணீரில் அதே வேலையைச் செய்யாது. ஆகவே அட்டவணையைப் பார்த்துச் சற்றுக் கூடுதலாக எடுப்பது சரி. ஆனால் அளவுக்கு மீறிப் போனால் ஆயில் சூடேறுவதே இல்லை. சூடேறாத ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிச் சகதியாகிறது. ஆயில் தெர்மோஸ்டாட் உள்ள இணைப்பாக இருந்தால் மட்டும் பெரிய கூலரை யோசிக்கலாம். இன்னொன்று: முட்டுக்காடு போல மணல் மேடிடும் முகத்துவாரத்தில் ஓட்டுபவர்களுக்குக் கூலரின் அளவைவிட, தண்ணீர் உள்ளே வரும் வழியில் உள்ள வடிகட்டிதான் முக்கியம். மணல் குழாயைத் தேய்க்கும். ஒரு பிளாஸ்டிக் பை வாயை மூடிவிட்டால் எவ்வளவு பெரிய கூலரும் வீண்.

ஹோஸ் விஷயம் இதைவிட ஆபத்தானது. வெளியே பார்த்தால் எல்லாம் கறுப்பு ரப்பர்தான். ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பர், சூட்டுத் தண்ணீருக்கு அருமையானது, ஆயில் பட்டால் ஊறி உப்பி நைந்துபோகும். ஆயிலுக்கு வேண்டியது நைட்ரைல் ரப்பர் அல்லது அதற்கும் மேலான உள்குழாய். கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாத இந்த வித்தியாசத்தைச் சொல்வது ஹோஸின் நீளத்துக்கும் அச்சடித்திருக்கும் ஒரு வரிதான்: தயாரிப்பாளர் பெயர், தர எண், உள்விட்டம், தாங்கும் அழுத்தம், தயாரித்த காலம். கப்பல்களின் ஆயில், எரிபொருள் ஹோஸுக்கு எஸ்.ஏ.இ. ஜே 1942 என்ற தரம் இருக்கிறது. சிறு படகின் பெட்ரோல், டீசல் ஹோஸுக்கு ஐ.எஸ்.ஓ. 7840, அந்த முத்திரை பெற்ற ஹோஸ் நேரடித் தீயில் இரண்டரை நிமிடம் தாங்கியாக வேண்டும். படகில் இரண்டரை நிமிடம் என்றால் எஞ்சினை அணைத்து, தீயணைப்பானை எடுத்து, ஆட்களை முன்பக்கம் நகர்த்தக் கிடைக்கும் நேரம்.

இதற்கு நாவலூர் வழியே போகும் ஓ.எம்.ஆர். சாலையில் உடனே ஒரு பதில் வரும்: பொக்லைனுக்கு ஹோஸ் கட்டித்தரும் கடைகள் இருக்கின்றனவே, அந்த ஹைட்ராலிக் ஹோஸ் 200 பார் அழுத்தத்தையே தாங்கும்போது, ஐந்தாறு பார்கூட வராத எஞ்சின் ஆயிலைத் தாங்காதா? அழுத்தம் தாங்கும், ஐயமில்லை. உள்ரப்பரும் பெரும்பாலும் ஆயிலுக்கு ஒத்துப்போகும். ஆனால் கட்டுமான எந்திரங்களுக்குச் சாதாரணமாகப் போடும் 100ஆர்1, 100ஆர்2 வகை ஹோஸ்களின் வெப்ப வரம்பு 100 டிகிரி. படகின் ஆயில் அதைத் தாண்டுகிறது. அவற்றுக்குத் தீச்சோதனை முத்திரையும் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வரம்புக்கு மேல் ஓடும் ரப்பர் மெல்ல இறுகி, வளைவில் முடி போன்ற வெடிப்பு விடும். அந்த வெடிப்பிலிருந்து ஆயில் சொட்டுவதில்லை, புகைபோலப் பீய்ச்சும். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். பன்னாட்டுக் கப்பல் விதிகள் 220 டிகிரியைத் தாண்டும் பரப்புகளை மூடி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். எஃகு வலை போர்த்திய பளபளப்பான ஹோஸும் இதற்கு மாற்றாகாது. வலைக்குள்ளே என்ன ரப்பர் என்பது தெரியாது. உப்பில் அறுந்த கம்பி கையைக் கிழிக்கும், அடியில் உள்ள வெடிப்பை மறைக்கும். முனைகளையும் பாருங்கள். அழுத்தமுள்ள ஆயில் ஹோஸின் முனை இயந்திரத்தில் நசுக்கிப் பொருத்தியதாக இருக்க வேண்டும். திருகு கிளிப் அதற்கானதல்ல. தண்ணீர் ஹோஸுக்குக் கிளிப் போடும்போது காந்தத்தைக் கிளிப்பின் திருகில் வைத்துப் பாருங்கள். பட்டை எவர்சில்வராக இருந்தும் திருகில் காந்தம் பலமாக ஒட்டினால் அந்தத் திருகுதான் முதலில் துருப்பிடிக்கும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று சுவரில் எழுதிவைப்பதால் இந்த உரிமை போய்விடாது. மீன்பிடித்து விற்கிறவர் வணிகர்தானே, அவருக்கு எப்படி நுகர்வோர் உரிமை என்று சிலர் மடக்குவார்கள். சுயதொழிலால் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி எஞ்சினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் மட்டும் ஒருவர் நுகர்வோர் அல்லாமல் போய்விடுவதில்லை. பல படகுகளை வைத்து வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம். அவர்களுக்கு 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இருக்கிறது: எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெரிவித்து, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருந்தாக வேண்டும். ஆகவே பில்லில் "ஹோஸ் 2 மீட்டர்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "படகு எஞ்சின் ஆயில் லைனுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். ஹோஸில் அச்சான வரியையும் பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள். இறக்குமதிப் பெட்டியாக இருந்தால், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதன்மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சில ஆயிரம் ரூபாய் ஹோஸுக்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள் என்பது வலுவான மறுப்புபோலத் தோன்றும். ஹோஸின் விலை சில ஆயிரம்தான். அது வெடித்ததால் எரிந்த எஞ்சினும் படகும் காயமும் அப்படியல்ல. குறையுள்ள பொருளால் விளைந்த கேட்டுக்குத் தயாரிப்பாளரும் சில சூழ்நிலைகளில் விற்றவரும் ஈடு தரவேண்டும் என்று இதே சட்டம் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. ஆனால் அதன் 87ஆம் பிரிவைக் கவனமாகப் படிக்க வேண்டும்: பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால், மாற்றியமைத்திருந்தால், விற்றவர் மேல் அந்த வழக்கு நிற்காது. ரேடியேட்டர் ஹோஸை ஆயில் லைனில் மாட்டியவர் அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறார். எழுத்தைப் பார்த்து வாங்குவது பாதுகாப்புக்கு எவ்வளவு வேண்டுமோ, ஈட்டுக்கும் அவ்வளவு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மாட்டியவர் மெக்கானிக் என்றால், அவர் வேலைக்கும் ரசீது வாங்குங்கள். சேவைக் குறைபாடும் சட்டத்துக்குள் வருகிறது.

பழுது வந்துவிட்டால், வெடித்த ஹோஸைக் குப்பையில் எறியாதீர்கள். முனை, கிளிப், அச்சு எழுத்து எல்லாம் தெரியப் படமெடுத்து, துண்டை உறையில் போட்டு வையுங்கள். ஆயிலையும் ஒரு பாட்டிலில் எடுத்து, தேதி எழுதி மூடி வையுங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பல தகராறுகள் அங்கேயே பேசித் தீர்கின்றன. தீராவிட்டால் நாவலூர்வாசிகளுக்குச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கட்டணம் கணக்கிடுவது, பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்து. அது 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. குறையைச் சோதித்துத்தான் அறியமுடியும் என்றால், ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்; தரமணியிலேயே மத்திய அரசின் நேஷனல் டெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. அங்கே போகப்போவது நீங்கள் எறியாமல் வைத்த அந்தத் துண்டுதான். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.